ஒட்டு

வைகாசிக் கச்சான்
தெருமண்ணைக் கடல்பக்கம் தள்ளிக்கொண்டிருந்த இரவில்
உப்புவெளி வாடகை அறையில்
ஒட்டுக் கோப்பைத் திறந்தேன்.

யாரோ எழுதியது. எந்த நாடோ.
ஐந்து வருடம் பழைய கெர்னலுக்கு.
கழித்தல் குறி போட்ட வரி: எடு.
கூட்டல் குறி போட்ட வரி: வை.
குறியில்லாத வரிகள் ஒன்றும் செய்வதில்லை,
மேலே மூன்று, கீழே மூன்று,
அக்கம்பக்கத்துக்குச் சாட்சியாக நிற்கின்றன.

கிண்ணியா நளீம்தீனின் வள்ளத்துக்கு
ஆழம் சொல்லும் கருவி.
ஏலத்தில் எடுத்தது, கையேடு இல்லை.
அதன் சிப்புக்கு டிரைவர் எழுத வேண்டும்,
எழுதுமுன் கெர்னலின் மூலத்தில் ஒட்டுப் போட வேண்டும்.
"வெள்ளிக்குள்ள முடியுமா" என்று
இரண்டு தரம் கேட்டுப் பார்த்தவர்
மூன்றாம் தரம் கேட்கவில்லை,
ஒரு பாரை மீனைக் கதவடியில் வைத்துவிட்டுப் போனார்.

முதல் துண்டு ஒட்டியது.
இரண்டாவதும், நாற்பத்தொரு வரி தள்ளி.
இலக்கம் பிழைத்தாலும்
அயலைக் கேட்டு இடத்தைக் கண்டுகொண்டது.
மூன்றாவது ஒட்டவில்லை.
அது தேடிவந்த ஆறு வரியும் அங்கே இல்லை.
இடையில் எவரோ அந்தச் சார்பையே உடைத்து
பாதியை வேறு கோப்பில் குடிவைத்திருந்தார்.

கையால் வைத்தேன்.
ஏறத்தாழ அந்த இடம்.
தொகுக்க நான்கு மணி நேரம்,
நடுவில் இரண்டு தரம் கரண்ட் போனது.
விடியுமுன் ஒருமுறை எழும்பி
திரை நிறையப் பதினறும எண்களைக் கக்கி
அப்படியே நின்றது.

விதுஷனுக்கு ஃபோன் எடுத்துக் கத்தினேன்:
"கெர்னல் செத்துப்போச்சு மச்சான்.
முழுசா. ஒண்டும் மிச்சமில்லை."

பக்கத்து யன்னல் மெல்லச் சாத்தப்பட்டது.
பிறகு விளக்கு அணைந்தது.

காலையில் பூரணவதியக்கா தேத்தண்ணியோடு வந்து
வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்,
"எந்தக் கேணல்?"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
இந்த ஊரில் அந்தச் சத்தத்துக்கு
தோளில் நட்சத்திரம் இருப்பதை
தொண்ணூற்றொன்பதில் பிறந்த எனக்கு
யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை என்பது பொய்.
மறந்திருந்தேன்.

திரையைக் காட்டினேன்.
எடு, வை. இவை சாட்சி.
சாட்சி வரிகளில் விரலை வைத்தார்.

"சம்பூரில காணியைத் திருப்பித் தரேக்க
வேலியும் இல்லை, வீடும் இல்லை.
கிணறு கிடந்தது. கிணத்துக்கு வடக்கால மூண்டு வடலி.
அதை வைச்சுத்தான் எங்கட மூலையைப் பிடிச்சம்.
தங்கச்சியின்ர துண்டுக்கு அதுவும் இல்லை.
இண்டைக்கும் இழுபறி."
கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.
நான் இன்னும் குடித்திருக்கவில்லை.

மூன்றாம் துண்டுக்குத் திரும்பினேன்.
வரியைத் தேடுவதை விட்டுவிட்டு
அது அந்நாளில் என்ன வேலை பார்த்தது என்று தேடினேன்.
பூட்டைப் பிடி. எழுது. பூட்டை விடு.
நான் அதைப் பூட்டுக்கு வெளியே,
பூட்டை விட்டபின்
எழுதவைத்திருந்தேன்.
ஒரு வரி மேலே.
அவ்வளவுதான். ஒரே ஒரு வரி மேலே.

வெள்ளி பின்னேரம்
குளியலறை வாசலில் இருந்த நீலப் பீப்பாவில்
ரெஜிபோம் துண்டொன்றைக் கட்டி
உணரியை மிதக்கவிட்டோம்.
நளீம்தீன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு
முக்காலியில் இருந்தார்.
பூஜ்யம். பூஜ்யம்.
பிறகு, ஒரு டிக் சத்தத்தோடு,
0.71.

"பீப்பாக்குள்ள மீன் இல்லையெண்டு சொல்லுதா?" என்றார்.
அதற்கு வேறு டிரைவர் என்றேன்.

அக்கா வாளியோடு வந்து எட்டிப் பார்த்தார்.
"என்ன, உங்கட கேணல் எழும்பிட்டாரோ?"
இந்த முறை யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை.

அவருக்குப் பாத்திரம் கழுவ இருந்தது.
ஒரு வாளி அள்ளினார்.
0.66.